கீளிக் குஞ்சுகளுக்கு எடுத்த தண்ணீர்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், குளக்கட்டின் கீழே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கென்று திறந்த பள்ளிக்கூடத்தில் தில்லைநாதன் விஞ்ஞானம் படிப்பித்தார். ஒருநாள் வகுப்பில் கடல் மீன் ஒன்றைப் படமாகக் கீறும்படி சொன்னார். கொப்பிகளைத் திருத்த எடுத்தபோது பாதிப் பேருக்கு மேல் மீனை வயிறு பிளந்து, இரண்டு பக்கமும் தட்டையாக விரித்து, கண் இல்லாமல் கீறியிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை அதன்மேல் பென்சிலால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தாள். அது என்ன என்று கேட்டார்.

"உப்பு, சேர்" என்றாள்.

பஸ்ஸில் போனால் ஒரு காலைப்பொழுதில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கடல் மீன் என்றால் கருவாடு. தில்லைநாதன் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை. உயிரோடு ஒரு கடல் மீனை வகுப்புக்குக் கொண்டுவந்து வைப்பது என்று தீர்மானித்தார்.

கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றிக் கட்டுரை வந்திருந்தது. குளத்து மீனை வளர்ப்பதைவிட இது பல மடங்கு கடினம், பலர் தொடங்கிக் கைவிட்டிருக்கிறார்கள் என்று முதல் பந்தியிலேயே எழுதியிருந்தது. அந்தப் பந்தியும் அவரை இழுத்தது. அந்த வட்டாரத்தில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படியொரு தொட்டி இல்லை.

மாங்குளத்துப் பட்டறையில் இரும்புச் சட்டம் அடிப்பித்தார். கண்ணாடிகளைப் புட்டிப் பசை வைத்துப் பொருத்தினார். கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது தொட்டி ஒழுகி, மேசையில் இருந்த பரீட்சைத் தாள்கள் நனைந்தன. புட்டியைச் சுரண்டியெடுத்து மறுபடி வைத்தார். உப்புத் தண்ணீர் இரும்பைத் தொடக்கூடாது என்று கட்டுரை சொன்னது. தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர்களிடம் மெழுகு வாங்கி, உருக்கி, உள்மூலைகளில் பூசினார். காற்றுக்கு ஒரு பழைய லொறி ரியூப். சைக்கிள் பம்பால் அதை நிரப்பி, வாயில் மெல்லிய இறப்பர்க் குழாய் பொருத்தி, நுனியை நூலால் இறுக்கிக் கட்டித் தண்ணீருக்குள் விட்டால் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலையில் நிரப்பினால் பள்ளிக்கூடம் விடும்வரை போதும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "வெறும் தண்ணி நல்லாய்த்தான் மூச்சு விடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிக் கடல்நீரும் மீனும்தான். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு முல்லைத்தீவுக்குப் போனார்.

அது வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முந்திய கிழமை என்பது அவர் நினைவில் இருக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு முல்லைத்தீவுக் கடலில் குடத்தில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல்நீரில்தான் கோயில் விளக்கு எரியும். வன்னியில் இது தெரியாத பிள்ளை இல்லை. தில்லைநாதனுக்கும் தெரியும். ஆனால் அவர் சாவகச்சேரிக்காரர், கோயில்குளத்தில் அதிகம் ஈடுபாடு இல்லாதவர், அன்று மனம் முழுக்கத் தொட்டியில் இருந்தது.

கட்டுரை சொன்னதையெல்லாம் அப்படியே செய்தார். உலோகப் பாத்திரம் மீனுக்கு நஞ்சு என்றிருந்தது. புது மண்குடம் வாங்கினார். கரைத் தண்ணீர் கலங்கல், உள்ளே போய் எடுக்கவேண்டும் என்றிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். ஒரு அலை தலைக்கு மேலால் வந்து அவரை முழுக்காட்டியது. கரையில் கழற்றி வைத்த செருப்பில் ஒன்றை அடுத்த அலை கொண்டுபோனது. மற்றதை வைத்து என்ன செய்வது என்று அங்கேயே விட்டார். தூசி விழாமலும் தளம்பிச் சிந்தாமலும் இருக்க, பழைய வேட்டியில் கிழித்துக் கொண்டுவந்த வெள்ளைத் துண்டால் குடத்தின் வாயைக் கட்டினார். நனைந்த சட்டையைப் பிழிந்து பையில் வைத்துவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

மீன் தந்தவர் நளீர். முல்லைத்தீவிலிருந்து கிழமைக்கு இரண்டுமுறை சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு குடியேற்றத்துக்கு வருகிற வியாபாரி. கரைவலையில் வந்த கீளி மீன் குஞ்சுகளை வாய் அகன்ற இனிப்புப் போத்திலில் பிடித்து வைத்திருந்தார். விரல் நீளம், வெள்ளி உடம்பு, முதுகில் வளைந்த கறுப்புக் கோடுகள்.

"இதை ஒருத்தரும் சும்மா குடுத்தாலும் வாங்கமாட்டினம், மாஸ்டர். முழுக்க முள்ளு. பொரிக்கவோ?"

"பாக்க."

"பாக்கவோ?" நளீர் போத்திலைத் தூக்கி வெயிலில் பிடித்தார். "சரி. அதுகளும் உங்களைப் பாக்கட்டும். கெதியாய்க் கொண்டுபோங்கோ, போத்திலுக்குள்ளை கனநேரம் தாங்காது."

போத்திலைப் பைக்குள் ஈரச் சட்டையால் சுற்றி வைத்தார். குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வெறுங்காலோடு, ஈர வேட்டி ஒட்ட, பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

மாங்குளம் பஸ்ஸில் கொண்டக்டர் வாசலில் கையைக் குறுக்கே வைத்தான். ஊருக்குப் புதிய பொடியன்.

"தண்ணிக்குடம் ஏத்தேலாது, ஐயா. சீற்றெல்லாம் நனையும். பின்னேர பஸ்ஸிலை கேட்டுப் பாருங்கோ."

பின்னேரம் என்றால் மீன்கள் செத்துவிடும். தில்லைநாதன் வாய் திறப்பதற்குள் முன் சீற்றில் இருந்த அப்புத்துரை எழுந்துவிட்டார். குடியேற்றத்தை ஒட்டிய பழைய ஊரின் வயதாளி அவர்.

"தம்பி, நீ எந்த ஊர்? இது என்ன கிழமை எண்டு தெரியாதோ உனக்கு? கையை எடு!"

கொண்டக்டர் வெள்ளைத் துணி கட்டிய புதுக் குடத்தைப் பார்த்தான். ஈர வேட்டியை, சால்வையை, வெறுங்காலைப் பார்த்தான். கை தானாக இறங்கியது.

"அம்மன்ர தண்ணியோ, ஐயா?"

இல்லை என்றால் இறங்கவேண்டும். தில்லைநாதன் "ஓம்" என்று சொல்லவில்லை. பிற்பாடு அதைப் பலமுறை தனக்குத்தானே எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னது, "ம்."

அவ்வளவுதான். இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். அப்புத்துரையும் உட்காரவில்லை; கம்பியைப் பிடித்தபடி நின்றார். கொண்டக்டர் ரிக்கற் காசு கேட்கவில்லை. ஒரு பெண் தன் குழந்தையின் தலையைக் குடத்தில் ஒற்றியெடுத்தாள். தில்லைநாதன் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, மீன் போத்தில் இருந்த பையைக் கால்களுக்கிடையில் வைத்தார்.

தண்ணீரூற்றில் அருந்ததி ஏறினாள். குடியேற்றத்தில் வளர்ந்த பெண். தாய் தகப்பன் தீவுப்பகுதியிலிருந்து வந்து காணி எடுத்தவர்கள். பக்கத்துப் பழைய ஊரில் சின்னராசாவைக் கட்டி இரண்டு வருஷம். மாமியார் நாகேஸ்வரியின் முழங்கால் வாதத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்துக்கொண்டு வந்தாள். கையில் இரண்டு போத்தில்கள். ஒன்றில் மருந்து, மற்றது வெறும் போத்தில், அதில் எடுக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டதாம்.

அவள் குடத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினாள். அவள் கிட்ட வந்தபோது தில்லைநாதன் பையைக் குதிக்காலால் மெல்லச் சீற்றின் அடியில் தள்ளினார்.

"மாஸ்டர் கோயிலுக்குப் போறேல்லை எண்டு சனம் சொல்லுறது சும்மா கதை என்ன?" என்றாள் சந்தோஷமாக. சற்றுப் பொறுத்துக் குரலைத் தாழ்த்தி, "இந்தமுறை பொங்கலுக்கு அரிசி நான்தான் கொண்டுபோகவேணும். மாமி சொல்லிப் போட்டா. போன வருஷமும் அதுக்கு முதல் வருஷமும் விடேல்லை. நீ வந்த பிள்ளை, பொறு எண்டவா" என்றாள். பிறகு வெறும் போத்திலை நீட்டினாள். "கொஞ்சம் விடுவியளோ?"

பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தில்லைநாதன் துணியை அவிழ்த்துப் போத்திலை நிறைத்துக் கொடுத்தார். அவள் ஒரு சொட்டு எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் கீளிக் குஞ்சுகள் தொட்டிக்குள் இறங்கின. முதலில் மூலையில் ஒதுங்கின. பிறகு ஒன்று வெளிக்கிட்டுக் குமிழிகளுக்குள் போய்வந்தது. மற்றவையும் தொடர்ந்தன. பின்வெயில் தண்ணீருக்குள் விழ, வளைகோடுகள் தெளிவாகத் தெரிந்தன. தில்லைநாதன் கதிரையை இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் நடந்தது அந்த நேரம் ஒரு வேடிக்கை போலத்தான் இருந்தது. ஊருக்குப் போனால் மனைவிக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட நினைத்தார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் லீவு. வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடம் தொடங்கு முன்பு, அருந்ததியின் புருஷன் சின்னராசா வந்தான். வாங்குப் பலகையின் நுனியில் அமர்ந்துகொண்டான். அவன் வருவதைக் கண்டதும் தில்லைநாதன் ஒரு சாக்கை எடுத்துத் தொட்டியை மூடியிருந்தார். ஏன் மூடினோம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"மாஸ்டர், நீங்கள் படிச்ச மனுசன். ஒண்டு கேக்கவேணும்."

"கேளும்."

"நீங்கள் குடுத்த தண்ணியிலை இவள் வீட்டிலை விளக்கேத்தினவள். ஆரும் வீட்டிலை ஏத்திறேல்லை, அது கோயில் காரியம். இவளுக்கு அது தெரியாது. மாமி சந்தோசப்படுவா எண்டு நினைச்சிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்டுகளையும் கூப்பிட்டு இருத்தி வைச்சிட்டு ஏத்தினவள்." அவன் தரையைப் பார்த்தான். "சட சட எண்டு ரெண்டு பொறி. நூந்து போச்சு. திரும்ப ஏத்தினாள், திரும்ப நூந்தது."

"நாகேஸ்வரி அக்கா என்ன சொன்னவா?"

"ஒண்டும் சொல்லேல்லை. 'சரி, எழும்பு' எண்டவா. அவ்வளவுதான். ஆனா அரிசிப் பெட்டியைத் தூக்கித் தன்ர அறைக்குள்ளை வைச்சிட்டா. அம்மன் இவளை ஏற்கேல்லை எண்டு பெண்டுகள் கதைக்குதுகள். வந்த பிள்ளைதானே எண்டு. அவள் சாப்பிடுறாள் இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "தண்ணியிலை ஏதும் பிழை இருக்குமோ, மாஸ்டர்?"

ஒரு சொல் போதும். சின்னராசா அந்தச் சொல்லுக்காகத்தான் வந்திருந்தான். சாக்கின் கீழே குமிழிகள் வெடிக்கும் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எழுந்து நின்றவர்களையும், குடத்தில் ஒற்றிய குழந்தையின் தலையையும், நாளை பிள்ளைகளின் தகப்பன்மார் தன்னைப் பார்க்கப்போகும் பார்வையையும் தில்லைநாதன் நினைத்தார்.

"மருந்துப் போத்தில்தானே" என்றார். "கழுவினாலும் மருந்து போகாது. அந்த ஊத்தை தண்ணியிலை கலந்திருக்கும்."

சின்னராசாவின் முகம் தெளிந்தது. "அதுதான்! அதுதான் மாஸ்டர்!" என்று எழுந்து, கும்பிட்டுவிட்டு வேகமாகப் போனான்.

இது முழுப் பொய்யும் இல்லை, இருந்திருக்கக்கூடியதுதான் என்று தில்லைநாதன் அன்று முழுக்கத் தன்னைச் சமாளித்தார். பிள்ளைகள் சாக்கைத் தூக்கிப் பார்க்க வந்தபோது, தண்ணீர் இன்னும் தெளியவில்லை என்று விரட்டினார். யாருக்குக் காட்டவென்று அந்த மீன்கள் வந்தனவோ, அவர்களுக்கே காட்டமுடியாமல் இருந்தது. ஒரு பிள்ளை வீட்டில் போய், சேர் கடல்தண்ணிக்குள் மீன் விட்டிருக்கிறார் என்று சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை நளீர் வந்தார். சைக்கிளைப் பள்ளிக்கூட வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"எப்பிடி மாஸ்டர், என்ர கீளியள்?"

"இருக்குது."

"சின்னராசா வீட்டிலை மீன் வேண்டாமாம், விரதம். ஆனா சண்டை நல்லாய்ப் போகுது." நளீர் சிரிக்கவில்லை. "அம்மன்ர தண்ணியை மருந்துப் போத்திலிலை, அதுவும் ஊத்தைப் போத்திலிலை வாங்கினவளாம் அந்தப் பிள்ளை. கிழவி இப்ப அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது. முதல் அம்மன் ஏற்கேல்லை எண்ட கதை மட்டும்தான். இப்ப இவள் அம்மனை அவமதிச்சவள் எண்டு போச்சு. ஞாயிற்றுக்கிழமை பொங்கலுக்கு வண்டில் வெளிக்கிடேக்கை அவள் வரக்கூடாதாம்."

தில்லைநாதன் தொட்டியை மூடியிருந்த சாக்கைச் சரிசெய்தார்.

"கொண்டக்டர் பொடியன் சொன்னவன், நீங்கள் எப்பிடிப் பஸ்ஸிலை போனனீங்கள் எண்டு. நான் வாய் திறக்கேல்லை, மாஸ்டர். என்ர வாயாலை வந்தா அது வேறை மாதிரிப் போகும். அம்மன்ர காரியத்திலை முஸ்லிம் ஆக்கள் நாங்கள் பகிடி விட்டதெண்டு ஆகும்." வேலியடிக்குப் போய்ச் சைக்கிளைத் திருப்பினார். "உங்கட வாய்தான் வேணும்."

சனிக்கிழமை முற்பகல் தில்லைநாதன் சின்னராசா வீட்டுக்குப் போனார். அருந்ததி முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் கோயில் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவர் வேலி வாசலில், படலையடியில் நின்றபடியே சொன்னார். கோர்வையாக வரவில்லை. தொட்டியைப் பற்றிச் சொன்னார், கட்டுரையைப் பற்றிச் சொன்னார், பிறகுதான் தண்ணீரைப் பற்றிச் சொன்னார்.

அவள் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தாள். கண் வீங்கியிருந்தது.

"மாஸ்டர், நீங்கள் நல்ல மனுசன். இவர் வந்து அழுதிருப்பார், அதாலை சொல்லுறியள். எனக்காண்டி உப்பிடிப் பொய் சொல்லாதேங்கோ. அம்மன்ர தண்ணியைப் போய் மீன்தண்ணி எண்டு சொன்னா உங்களுக்கும் பாவம் சேரும்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று ஆயத்தமாக வந்திருந்தார். நல்லவர் என்று சொல்லப்பட்டு அந்தப் படலையடியில் நிற்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

"பிள்ளை, என்ர காலுக்குக் கீழை பை ஒண்டு இருந்தது, கண்டனீரோ? நீர் கிட்ட வரேக்கை நான் அதைச் சீற்றுக்குக் கீழை தள்ளினனான். அதுக்குள்ளைதான் மீன் இருந்தது."

அருந்ததியின் கை நெல்லில் நின்றது. அந்தப் பையை அவள் கண்டிருக்கவேண்டும். முகத்திலிருந்த சிரிப்பு சிறிது சிறிதாகப் போனது.

"அப்ப நான் மீன்தண்ணியையோ கண்ணிலை ஒத்தினனான்?"

"கடல்தண்ணிதான், பிள்ளை. ஆனா..."

"நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்." அவள் எழுந்துவிட்டாள். "நான் செருப்பைக் கழட்டேக்கையும் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். போத்தில் ஊத்தை எண்டு இவரிட்டைச் சொன்னதும் நீங்கள்தான். நான் அந்தப் போத்திலைச் சுடுதண்ணி விட்டுக் கழுவிக்கொண்டு போனனான், மாமிக்கு மருந்து எடுக்கிற போத்தில் எண்டு!"

"நான் பிழை செய்திட்டன். அதுதான் உமக்கு..."

"எனக்குச் சொல்லி என்ன? எல்லாருக்கும் முன்னாலைதான் அது நூந்தது. எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை வண்டில் உங்கட பள்ளிக்கூடத்து மரத்துக்குக் கீழைதான் வந்து நிக்கும்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "படலையடியிலை வந்து சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டில்கள் வந்தன. பழைய ஊரிலிருந்து வற்றாப்பளைக்குப் போகிறவர்கள் பள்ளிக்கூடத்து மருதமரத்தின் கீழே கூடிப் புறப்படுவது வழக்கம். பானைகள், பாய்கள், வைக்கோல் கட்டுகள், பிள்ளைகள். முன் வண்டிலில் நாகேஸ்வரி அரிசி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சின்னராசா மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அருந்ததி சற்றுத் தள்ளி வேலியோடு நின்றாள். வழியனுப்ப வந்தவள் போல எல்லாரும் அவளைக் கடந்து போனார்கள்.

தில்லைநாதன் பள்ளிக்கூட வாசலிலிருந்து இறங்கி வந்தார். இரவெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"ஒரு நிமிசம் எல்லாரும் பொறுக்கவேணும்" என்றார். "அருந்ததி விளக்கேத்தின தண்ணி தீர்த்தமில்லை. நேத்திக்கு எடுத்த தண்ணியுமில்லை. பள்ளிக்கூடத்திலை மீன் வளக்க நான் எடுத்துவந்த கடல்தண்ணி. பஸ்ஸிலை கேட்டவை. நான் மறுக்கேல்லை. மறுத்தா இறக்கிப்போடுவினம் எண்டு."

மாடு ஒன்று தலையை ஆட்ட, மணி குலுங்கியது. முதலில் பேசியவர் அப்புத்துரை.

"மாஸ்டர், நான் அண்டைக்கு எழும்பியெல்லோ நிண்டனான்? ஒட்டுசுட்டான் வரைக்கும், இந்த நாரி நோவோடை!"

"ஓம், ஐயா."

"மீனுக்கோ எழும்பி நிண்டனான்?"

பின் வண்டிலில் யாரோ சிரித்தார்கள். "நல்ல மீனோ, மாஸ்டர்?" என்று ஒரு குரல். "அப்புவைப்போலை ஆளை எழுப்பி நிப்பாட்டிறதெண்டா சுறாவாய்த்தான் இருக்கவேணும்!" சிரிப்பு பரவியது. தில்லைநாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தப் பிள்ளைகளில் அவருடைய மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. சேரையும் பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நாகேஸ்வரி கையை உயர்த்தினாள். சிரிப்பு நின்றது.

"போத்தில் ஊத்தை எண்டு சொன்னது ஆர்?"

"நான்தான், அக்கா."

"போத்திலை நீங்கள் பாத்தனீங்களோ?"

"இல்லை. சும்மா சொன்னனான்."

"சும்மா சொன்னதெண்டா?"

"பொய், அக்கா."

நாகேஸ்வரி அரிசி முடிச்சைப் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டிலிலிருந்து இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். "எங்கை, காட்டுங்கோ பாப்பம்" என்றாள்.

அவர் வகுப்பறையைத் திறந்து சாக்கை எடுத்தார். மூன்று நாள் மூடியிருந்த தண்ணீர் கொஞ்சம் மங்கியிருந்தது. ரியூபில் காற்று குறைந்து குமிழிகள் எப்போதாவதுதான் வந்தன. கீளிக் குஞ்சுகள் அடியில், மணலோடு ஒட்டிக் கிடந்தன. வெளிச்சம் பட்டதும் ஒன்று அசைந்தது. யன்னலிலும் வாசலிலும் ஆட்கள் நெருக்கினார்கள்.

நாகேஸ்வரி குனிந்து பார்த்தாள். விரல் நீள மீன்கள். பிடித்தால் வலைக்காரர்கள் எறிந்துவிட்டுப் போகிற சாதி. நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கோ?" என்றாள்.

தில்லைநாதன் மீன்களைப் பார்த்தார். பிள்ளைகள் பிளந்து கீறிய மீன்களைப் பற்றி, உப்புப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரம் அதைச் சொல்வது இன்னொரு போத்தில் கதை போல இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருந்ததி உள்ளே வந்தாள். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அந்தப் போத்திலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

"மிச்சம். காலிலை மிதிபடுற இடத்திலை ஊத்தக்கூடாதெண்டு வைச்சிருந்தனான். இது உங்கட மீனின்ரை. விடுங்கோ."

தில்லைநாதன் போத்திலை எடுத்தார். கை நின்றது. கழுவினேன் என்று அவள் சொன்னாள். ஆனாலும் ஆஸ்பத்திரி மருந்து எடுத்த போத்தில். ஒரு சொட்டு எங்கேயாவது ஒட்டியிருந்தால் இந்தச் சின்ன உயிர்களுக்குப் போதும். இவற்றுக்காகத்தான் இவ்வளவும். அவர் தயங்கியதை அவள் பார்த்தாள். நாகேஸ்வரியும் பார்த்தாள்.

"ஊத்தைப் போத்தில் எண்டா விடாதேங்கோ" என்றாள் அருந்ததி.

அவர் போத்திலைச் சரித்துத் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் விட்டார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதுத் தண்ணீர் விழுந்த இடத்தில் மணல் எழும்பி அடங்கியது. கீளிக் குஞ்சுகள் சிதறி ஓடின, ஒன்று கண்ணாடியில் முட்டியது. பிறகு மேலே வந்து, தண்ணீர் விழுந்த இடத்தையே சுற்றத் தொடங்கின. ஒரு பிள்ளை முன்னால் புகுந்து, "இஞ்சை, கண் இருக்கு!" என்று கத்தினான். தாய் அவனைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

நாகேஸ்வரி கொஞ்சநேரம் மீன்களையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அருந்ததியின் தோளில் கையூன்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வண்டிலடியில் நின்று, "ஏறு" என்றாள். அவள் ஏறியதும் அரிசி முடிச்சைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். விளக்கு அணைந்ததைப் பற்றிப் பேசவில்லை. "வீட்டிலை ஏத்திற வேலையை மட்டும் இனி விடு. அது கோயில் காரியம்" என்றாள். சின்னராசா தாயைத் தூக்கி ஏற்றினான்.

வண்டில் அசைந்தபோது நாகேஸ்வரி தில்லைநாதன் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு சனத்தைக் கும்பிட வைச்சுக் கொண்டுவந்தனீங்கள், மாஸ்டர். சாக விட்டிடாதேங்கோ. திரும்பி வரேக்கை பாப்பன்."

அருந்ததி அவரைப் பார்க்கவில்லை. முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாட்டின் திமிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டில்கள் ஒவ்வொன்றாகத் தெருவில் ஏறின. கடைசி வண்டிலிலிருந்து யாரோ, "சுறாவைக் கவனம், மாஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள்.

தில்லைநாதன் உள்ளே போனார். மேசைமேல் வெறும் போத்தில் இருந்தது. அதை முகர்ந்து பார்த்தார். ஒரு மணமும் இல்லை. சைக்கிள் பம்பை எடுத்து ரியூபுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். குமிழிகள் வரத்தொடங்கின. சாக்கை மடித்துக் கதவுக்கு வெளியே எறிந்தார். பிறகு கதிரையைத் தொட்டிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்தபடி உட்கார்ந்தார்.